தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு எழுதுவது எப்படி

ராத்திரி டியூட்டியில் இருக்கும் பிள்ளைகள் போனில் கேட்கும் கேள்விகளில் எனக்கு மனப்பாடமாகிவிட்ட ஒன்று உண்டு. "மேடம், காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது. ஒரு டெக்சா போட்டுடட்டுமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "எதுக்குப்பா?" காய்ச்சலுக்கு என்று பதில் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் பரிசோதனை) அனுப்பியாயிற்றா என்று விசாரிப்பேன்.

டெக்சா, அதாவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, போட்டால் காய்ச்சல் இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. வம்பே அதுதான். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டெம்பரேச்சர் சார்ட்டில் கோடு நேராகப் படுத்திருக்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். டாக்டருக்கு நல்ல கைராசி என்று வீட்டார் சொல்வார்கள். உள்ளே மலேரியாவோ, டைஃபாய்டோ, கல்லீரலில் சீழ்க்கட்டியோ தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நமக்குத் துப்பு கொடுத்துக்கொண்டிருந்தது அந்தக் காய்ச்சல் ஒன்றுதான். அதன் வாயையும் பொத்திவிட்டோம்.

அதற்காக, தொற்று என்றாலே ஸ்டீராய்டைத் தொடக்கூடாது என்று நடுங்கும் கூட்டத்திலும் நான் இல்லை. சில தொற்றுகளில் கொடுக்காமல் விடுவதுதான் தவறு. எங்கே, எப்போது, எவ்வளவு, எதுவரை என்பதைப் படிப்பை முடித்து வார்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வது போல எழுதுகிறேன். நோயாளிகளும் வீட்டாரும் படிக்கலாம். ஆனால் இதைப் பார்த்துத் தானாக மாத்திரையைத் தொடங்கவோ, எடுத்துவருவதைத் தானாக நிறுத்தவோ வேண்டாம். இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடியவை.

கேஸ் ஷீட்டில் மூன்று வரி

ஸ்டீராய்டு எழுதும் முன் என் யூனிட்டில் மூன்று விஷயங்களைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்வேன். எழுத முடியவில்லை என்றால் மருந்து கிடையாது.

முதல் வரி: இந்த நோயாளியைக் கெடுப்பது கிருமியா, கிருமியை எதிர்க்கும் உடம்பா? கொசுவை அடிக்கிறேன் என்று தன் கன்னத்திலேயே ஓங்கி அறைந்துகொள்வது போல, சில தொற்றுகளில் உடம்பின் அழற்சிதான் பெரிய சேதத்தைச் செய்கிறது. மூளையுறைக் காய்ச்சலில் மண்டைக்குள் வீக்கம், கோவிட் நுரையீரலில் அடைப்பு எல்லாம் அந்த வகை. அங்கே மட்டும்தான் ஸ்டீராய்டுக்கு வேலை. அது ஒரு கிருமியைக்கூடக் கொல்லாது. வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியேறித் தொற்றுள்ள இடத்துக்குப் போவதையும், அழற்சியைத் தூண்டும் புரதங்கள் உருவாவதையும் தடுக்கும். அவ்வளவுதான்.

இரண்டாவது வரி: கிருமிக்கு உரிய மருந்து உள்ளே போகிறதா? எந்தக் கிருமி என்றே தெரியவில்லை என்றால், குறைந்தபட்சம் சந்தேகப்படும் கிருமிகளுக்கான மருந்தாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கல்ச்சர் எடுத்திருக்க வேண்டும். வெளியேற்ற வேண்டிய சீழ் இருந்தால் அதற்கு வழி பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது வரி: நிறுத்தும் தேதி. "தொடரவும்" என்று எழுதப்பட்ட ஸ்டீராய்டு மாதிரி ஆபத்தானது வார்டில் வேறு இல்லை. வார இறுதியில் டாக்டர் மாறுவார், முந்தையவர் எழுதியதைக் கைவைக்கத் தயங்குவார், மருந்து சார்ட் மறுபடி எழுதப்படும்போது அது அப்படியே நகலாகும். தொடங்கும் நாளிலேயே "10 நாள், கடைசி டோஸ் இன்ன தேதி" என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூளையுறைக் காய்ச்சல்: நிமிஷக் கணக்கு

பாக்டீரியாவால் வரும் மூளையுறைக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்துவிட்டால், பெரியவர்களுக்கு டெக்சாமெத்தசோன் 10 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 4 நாள். முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு 15 - 20 நிமிஷம் முன்னால், அல்லது அதோடு சேர்த்து. 2002-இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு இந்த முறையில்தான் கொடுத்தது. மரணம் 15 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தது. நியூமோகாக்கஸ் கிருமி உள்ளவர்களிடம் 34-லிருந்து 14 ஆயிற்று. குழந்தைகளிடம், குறிப்பாக ஹீமோஃபிலஸ் கிருமியில், காது கேட்காமல் போவது குறைகிறது. அவர்களுக்கு எடைக்கு ஏற்ப, ஒவ்வொரு டோஸும் கிலோவுக்கு 0.15 மி.கி. வீதம்.

ஏன் முன்னாலேயே? ஆன்டிபயாடிக் போனவுடன் பாக்டீரியாக்கள் கூட்டமாக உடைகின்றன. அவற்றின் சுவர்த் துண்டுகள் தண்டுவட நீரில் கொட்டுகின்றன. அதைப் பார்த்து அழற்சி இன்னும் கிளம்புகிறது. அந்த அலை வரும் முன் டெக்சா அங்கே இருக்க வேண்டும்.

இதை நடைமுறையில் செய்யும் விதம் ஒன்றுதான். அவசரப் பிரிவில் ட்ரேயில் இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை அழுத்தி முடித்ததும் அடுத்ததை எடுக்க வேண்டும். டெக்சா இன்னும் ஃபார்மஸியிலிருந்து வரவில்லை என்று செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்காதீர்கள். சிடி ஸ்கேனுக்குக் காத்திருந்தும் தாமதிக்காதீர்கள். ஆன்டிபயாடிக் முதலில் போய்விட்டது என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஐரோப்பிய வழிகாட்டி 4 மணி நேரம் வரையும், பிரிட்டிஷ் வழிகாட்டி 12 மணி நேரம் வரையும் தொடங்க அனுமதிக்கின்றன.

கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் மறுபடி யோசிக்க வேண்டும். நியூமோகாக்கஸோ ஹீமோஃபிலஸோ என்றால் 4 நாளை முடியுங்கள். வேறு கிருமி என்றால் நிறுத்திவிடலாம். லிஸ்டீரியா என்றால் கண்டிப்பாக நிறுத்துங்கள். பிரான்சில் 2017-இல் வெளியான தரவில், டெக்சா வாங்கிய லிஸ்டீரியா நோயாளிகளிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. பெரும்பாலும் எச்ஐவி உள்ளவர்களை வைத்து மலாவியில் நடந்த 2007 ஆய்வில் பலனே தெரியவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஓர் இடத்தில் உயிர் காத்தது எல்லா இடத்திலும் காக்கும் என்று இல்லை. இன்னொன்று: டெக்சா அழற்சியைக் குறைப்பதால் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தண்டுவட நீருக்குள் போவதும் குறையலாம். எதிர்ப்புத்திறன் கொண்ட நியூமோகாக்கஸ் சந்தேகம் இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசநோய் மூளையுறைக் காய்ச்சல் வேறு கதை. இங்கே 4 நாள் போதாது, 6 முதல் 8 வாரம். வியட்நாமில் 545 பேரை வைத்து நடந்த 2004 ஆய்வில் இறப்பு 41.3 சதவீதத்திலிருந்து 31.8 ஆயிற்று. ஆனால் பிழைத்தவர்களின் ஊனம் குறையவில்லை. வீட்டாரிடம் பேசும்போது இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நினைவு மங்கியோ, கைகால் இழுத்துக்கொண்டோ வந்தவர்களுக்கு, கிலோவுக்கு 0.4 மி.கி. டெக்சா தினமும் நரம்பு வழியாகத் தொடங்கி, வாரத்துக்கு 0.1 வீதம் குறைத்து, நான்கு வாரம் ஆனதும் மாத்திரைக்கு மாற்றி, அதையும் வாரத்துக்கு 1 மி.கி. வீதம் குறைப்பார்கள். எச்ஐவி உள்ளவர்களிடம் இதே சிகிச்சைக்கு 2023 ஆய்வு தெளிவான பலனைக் காட்டவில்லை. அவர்களுக்கு நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

ஐசியூவும் ஆக்சிஜனும்

செப்டிக் ஷாக்கில் (தொற்றால் பிரஷர் விழுந்துவிடும் நிலையில்) ஸ்டீராய்டின் சரித்திரம் பாதி அவமானம். 1980-களில் மெத்தில்பிரட்னிசோலோனைக் கிராம் கணக்கில் கொட்டிப் பார்த்தார்கள். 1987 ஆய்வுகள் அந்தக் கடையை மூடின. இன்று கொடுப்பது சின்ன டோஸ்: ஹைட்ரோகார்ட்டிசோன் தினமும் 200 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை 50 மி.கி. ஆகவோ, ட்ரிப்பில் தொடர்ச்சியாகவோ. யாருக்கு? சலைன் போதுமான அளவு போய், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.25 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ, குறைந்தது 4 மணி நேரமாக ஓடியும் பிரஷர் நிற்காதவருக்கு. அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சினாக்தென் டெஸ்ட் செய்து காத்திருக்க வேண்டாம்.

பலன் என்ன என்று கேட்டால், ஷாக் சீக்கிரம் விலகும், இது உறுதி. உயிர் பிழைப்பது பற்றிச் சண்டை ஓயவில்லை. 2018-இல் ஒரே சமயத்தில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், அட்ரினல் என்ற ஆய்வு 90 நாள் இறப்பில் வித்தியாசமே இல்லை என்றது (27.9, 28.8 சதவீதம்). ஃப்ளூட்ரோகார்ட்டிசோனையும் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வு 49.1-லிருந்து 43.0 ஆகக் குறைந்தது என்றது. நான் கொடுக்கிறேன். ஆனால் நார்அட்ரினலின் 0.05-இல் ஓடும்போதே "எதற்கும் இருக்கட்டும்" என்று ஹைட்ரோகார்ட் எழுதுபவரிடம் பேனாவைப் பிடுங்குகிறேன்.

கோவிட் நமக்கு ஒரு நல்ல பாடத்தைத் தந்தது. 2020-இல் ரெக்கவரி ஆய்வு டெக்சா 6 மி.கி., தினம் ஒரு தடவை, அதிகபட்சம் 10 நாள் என்று கொடுத்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் 28 நாள் இறப்பு 41.4-லிருந்து 29.3 ஆயிற்று. ஆக்சிஜனில் இருந்தவர்களிடம் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் கணக்கு தலைகீழாகி, டெக்சா இல்லாமல் 14.0, டெக்சாவோடு 17.8. இந்தக் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை. ஆக்சிமீட்டரில் 98 காட்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு டெக்சாவும் மெட்ரோலும் (மெத்தில்பிரட்னிசோலோன் மாத்திரை) முழுங்கினார்கள். 6 மி.கி. நல்லது என்றால் 20 இன்னும் நல்லது என்றும் ஒரு நம்பிக்கை ஓடியது. சாதாரண ஆக்சிஜனில் இருந்தவர்களிடம் கூடுதல் டோஸ் இறப்பைக் கூட்டியது என்று அதே ரெக்கவரி குழு 2023-இல் வெளியிட்டது. சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்து இந்தியாவில் 2021-இல் கறுப்புப் பூஞ்சையாக வெடித்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்டீராய்டில் இருக்கும் சுகர் நோயாளி ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போகிறது, கண் வலிக்கிறது, இரட்டையாகத் தெரிகிறது என்றால் வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தைப் பாருங்கள். மேலண்ணத்தில் கறுப்பு தெரிந்தால் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சாதாரண நிமோனியாவுக்கு ஸ்டீராய்டு வேண்டாம். ஐசியூ தேவைப்படும் கடுமையான நிமோனியாவுக்கு வேண்டும். 2023-இல் பிரான்சில் நடந்த ஆய்வில், கடுமையான நிலை தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் 200 மி.கி. தொடங்கியபோது இறப்பு 11.9-லிருந்து 6.2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் இன்ஃப்ளுயன்ஸா நோயாளிகளைச் சேர்க்கவில்லை. ஃப்ளூ நிமோனியாவில் ஸ்டீராய்டு வாங்கியவர்கள் கூடுதலாக இறந்ததைத்தான் இதுவரை வந்த தரவுகள் காட்டுகின்றன. ஆகவே ஃப்ளூ சீசனில் டெஸ்ட் செய்யாமல் கைவைக்காதீர்கள்.

எச்ஐவி நோயாளிகளுக்கு வரும் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியாவில் ஒரு தெளிவான எல்லைக்கோடு இருக்கிறது. சாதாரணக் காற்றை மூச்சுவிடும்போது ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும். 40 மி.கி. இரு வேளை 5 நாள், ஒரு வேளை 5 நாள், பிறகு 20 மி.கி. 11 நாள், மொத்தம் 21. அந்தக் கிருமிக்கான கோ-ட்ரைமாக்சசோல் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். மருந்து தொடங்கிய மூன்றாம் நான்காம் நாளில் மூச்சுத்திணறல் கூடுவதைத்தான் இது தடுக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குத் தொண்டை வீங்கி, குரைப்பது போல வரும் க்ரூப் இருமலுக்கு ஒரே ஒரு டோஸ் டெக்சா. தொழுநோயில் நரம்பு வீங்கும் ரியாக்‌ஷனுக்கு மாதக்கணக்கில் பிரட்னிசோலோன், கூட்டு மருந்தை நிறுத்தாமல். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால், ஆல்பெண்டசோல் கொடுக்கும் முன்பே ஸ்டீராய்டு, அதற்கும் முன்பே கண்ணுக்குள் புழு இல்லை என்ற உறுதி. டைஃபாய்டில் பிதற்றல், மயக்கம், ஷாக் என்ற நிலைக்குப் போனவர்களுக்கு மட்டும் டெக்சா. 1984-இல் ஜகார்த்தாவில் 38 பேரை வைத்து நடந்த ஆய்வு அதற்கு அடிப்படை. சாதாரண டைஃபாய்டுக்கு அந்த ஆய்வைக் காட்டாதீர்கள்.

கை கட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள்

மூளை மலேரியா. மூளை வீக்கம்தானே, டெக்சா உதவும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1982-இல் தாய்லாந்தில் 100 பேரிடம் பரிசோதித்தபோது மயக்கம் தெளிய நேரம் கூடிற்று, நிமோனியாவும் குடல் ரத்தக்கசிவும் கூடின. கிரிப்டோகாக்கஸ் மூளையுறைக் காய்ச்சலிலும் அதே ஏமாற்றம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த 2016 ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. டெக்சா வாங்கியவர்களிடம் பூஞ்சை மெதுவாகத்தான் அழிந்தது, ஊனம் அதிகமாயிற்று. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அங்கே செய்ய வேண்டியது திரும்பத் திரும்ப முதுகில் ஊசி போட்டு நீரை இறக்குவது.

டெங்குவில் தட்டணுக்கள் குறைகிறதே என்று ஸ்டீராய்டு கொடுப்பதால் பலன் இல்லை, தேவையும் இல்லை. அங்கே சிகிச்சை என்பது நீர்க் கணக்கு. வைரஸ் மஞ்சள்காமாலைக்கும் ஸ்டீராய்டு வேண்டாம்.

கண் சிவந்தால் உடனே ஸ்டீராய்டுச் சொட்டு மருந்து எழுதுவதை ஒரு வியாதி என்றே சொல்வேன். ஹெர்பீஸ் வைரஸ் கருவிழியில் போடும் கிளைவிட்ட புண், பூஞ்சைப் புண் இரண்டிலும் அந்தச் சொட்டு கண்ணையே கொண்டுபோய்விடும். சாயம் விட்டு விளக்கில் பார்க்க வசதி இல்லாத இடத்தில் ஸ்டீராய்டுச் சொட்டைத் தொடக்கூடாது. தோலில் படர்தாமரைக்குக் கலவைக் களிம்பு பூசுவதும் இதே ரகம். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சை பரவும், அதன் வட்ட விளிம்பு அழிந்து அடையாளமே தெரியாமல் போகும். பிறகு தோல் மருத்துவர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

தொடங்கும் முன் தேட வேண்டியவை

அவசரத்தில் எதையும் தேட முடியாது, முதல் டோஸ் போகட்டும். ஆனால் சில நாளுக்கு மேல் நீளும் என்றால் அன்றே சில பரிசோதனைகளை அனுப்பிவிடுங்கள். சுகர். நெஞ்சு எக்ஸ்ரே. ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி. தினமும் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரட்னிசோலோன் 4 வாரத்தைத் தாண்டினால், ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு அது விழித்துக்கொண்டு கல்லீரலைத் தின்றுவிடலாம். என்டெகாவிரோ டெனோஃபோவிரோ முன்கூட்டியே கொடுத்துத் தடுக்கலாம். அதே அளவு, அதே காலம், கூடவே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் வேறு காரணமும் இருந்தால் நியூமோசிஸ்டிஸ் வராமலிருக்கக் கோ-ட்ரைமாக்சசோலையும் யோசியுங்கள்.

எல்லாரும் மறப்பது ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவை. வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர் உடம்புக்குள் நுழைந்து, குடலிலேயே தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு பல பத்து வருடம் சத்தமில்லாமல் இருக்கும் புழு இது. ஸ்டீராய்டு கிடைத்ததும் குடலைத் துளைத்து நுரையீரல், மூளை என்று கிளம்பும். போகும்போது குடல் பாக்டீரியாக்களையும் கூடவே இழுத்துச் செல்லும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காரணம் புரியாமல் குடல் கிருமி ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ திரும்பத் திரும்ப வளர்ந்தால் இந்தப் புழுவை நினையுங்கள். ஈசினோஃபில் (புழு இருந்தால் கூடும் வெள்ளையணு) கூடவில்லையே என்று ஒதுக்காதீர்கள், அதை ஸ்டீராய்டே அழுத்திவைத்திருக்கும். ஆபத்து உள்ளவர் என்று தோன்றினால் ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது எளிது. மலப் பரிசோதனை ஒரு தடவை இல்லை என்று வந்தால் அதை நம்பிவிட முடியாது.

மருந்துகளின் மோதலையும் ஒரு நிமிஷம் பாருங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டை வேகமாகச் செரித்துத் தள்ளிவிடும், டோஸ் போதாமல் போகும். எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிர், பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் எதிர்ப்பக்கம், ஸ்டீராய்டைத் தேக்கிவைக்கும். ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு வெறும் ஃப்ளூட்டிகசோன் ஸ்டீராய்டு இன்ஹேலரே முகத்தை உப்பவைத்து, அட்ரினல் சுரப்பியைத் தூங்கவைத்துவிடும். வயதானவருக்கு லெவோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குதிகால் தசைநார் அறுந்துபோகலாம்.

மருந்தை மாற்றும்போது அளவு: ஹைட்ரோகார்ட்டிசோன் 20, பிரட்னிசோலோன் 5, மெத்தில்பிரட்னிசோலோன் 4, டெக்சா 0.75 மி.கி. நான்கும் ஏறக்குறைய சமம். "6 மி.கி. டெக்சாதானே, கொஞ்சம்தான்" என்பவருக்கு அது 40 மி.கி. பிரட்னிசோலோன் என்று சொன்னால் முகம் மாறும்.

ஸ்டீராய்டு ஓடும்போது எதை நம்புவது

ரத்தப் பரிசோதனைகள் பொய் பேசும். வெள்ளையணுக்கள் 15,000-க்கு மேல் ஏறும். அது தொற்று கூடியதால் இல்லாமல், குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவை உதிர்ந்து வருவதால் இருக்கலாம். முதிராத செல்களும் கூடியிருந்தால்தான் தொற்றைச் சந்தேகப்படுவேன். அழற்சியைக் காட்டும் சிஆர்பி இறங்கும், அதை வைத்து ஆன்டிபயாடிக் வேலை செய்கிறது என்று மகிழ வேண்டாம்.

உடம்பும் பொய் பேசும். மூட்டுவாதத்துக்குப் பல வருடமாகப் பிரட்னிசோலோன் எடுத்த ஒரு பெண்மணி வயிற்று வலி என்று வந்தார். கையை வைத்தால் வயிறு மெத்தென்று இருந்தது. விறைப்பு இல்லை, காய்ச்சல் 99-ஐத் தாண்டவில்லை. சர்ஜரி டியூட்டி டாக்டர் "வயிறு சாஃப்ட்" என்று எழுதிவிட்டுப் போனார். ஆனால் நாடி 124, அவர் பேசும்போது வாக்கியத்தை முடிக்காமல் மூச்சுக்கு நின்றார். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் வலது உதரவிதானத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு மெல்லிய கீற்று. குடல் ஓட்டையாகி வெளியே வந்த காற்று. ஸ்டீராய்டு எடுப்பவரிடம் நான் முதலில் நம்புவது நாடியையும் மூச்சு எண்ணிக்கையையும்தான். வயிறும் தெர்மாமீட்டரும் பிறகு.

சுகரை எப்போது பார்ப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம். காலையில் பிரட்னிசோலோன் கொடுத்தால் சுகர் மதியத்துக்கு மேல் ஏறி, மாலையில் உச்சிக்குப் போய், விடிவதற்குள் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் 104 பார்த்துவிட்டு "சுகர் நார்மல்" என்று எழுதுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள், 300 நிற்கும். வெறும் வயிற்று சுகரைப் பார்த்து ராத்திரி இன்சுலினை ஏற்றினால் விடிகாலையில் மயங்கிக் கிடப்பார்.

ஸ்டீராய்டு எழுதிய கை தானாக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலையும் எழுதும். வலி மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ சேர்ந்தவர்களுக்கும், ஐசியூவில் இருப்பவர்களுக்கும் சரி. வீட்டுக்குப் போய் 5 நாள் மாத்திரை சாப்பிடப் போகிறவருக்கு எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அதைவிட, மாத்திரையைக் காலையில் எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி கொடுத்தால் தூக்கம் போகும். வயதானவர் விடியவிடியப் பேசிக்கொண்டிருப்பார்.

ஏற்கனவே எடுப்பவருக்குத் தொற்று வந்தால்

இங்கேதான் நல்லெண்ணத்தோடு கொலை நடக்கிறது. "தொற்று இருக்கே, ஸ்டீராய்டை நிறுத்திடுங்க." தினமும் 5 மி.கி. பிரட்னிசோலோனை 4 வாரம் எடுத்தாலே அட்ரினல் சுரப்பி படுத்துவிடலாம். சாதாரணமாகத் தொற்றின்போது சுரப்பி கார்ட்டிசாலை (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டை) பல மடங்கு கூட்டிக் கொடுக்கும். இவருக்கு அது முடியாது. நாம் வெளியிலிருந்து கொடுப்பதையும் நிறுத்தினால், சலைனுக்கும் நார்அட்ரினலினுக்கும் அசையாத பிரஷர், வாந்தி, வயிற்று வலி, சோடியம் குறைவு, சில சமயம் சுகர் குறைவு. செப்டிக் ஷாக் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

காய்ச்சலோடு, ஆனால் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவர், தினமும் 10 மி.கி.-க்குக் குறைவாக எடுப்பவரானால், அதை 5 மி.கி. இரு வேளையாக்கிக் காய்ச்சல் போகும்வரை எடுக்கட்டும். 10 அல்லது அதற்கு மேல் எடுப்பவருக்கு அந்த டோஸே போதும், இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வாந்தி வந்தால், மயங்கினால், பிரஷர் விழுந்தால் யோசிக்க வேண்டாம். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. உடனே நரம்பிலோ தசையிலோ, பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி., கூடவே சலைன். கார்ட்டிசால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். யார் எடுப்பவர் என்று தெரியாவிட்டால் மாத்திரைப் பையை வாங்கிக் கொட்டிப் பாருங்கள். இன்ஹேலர், மூட்டுக்குள் போட்ட ஊசி, பெயரில்லாத பொட்டலத்து மூட்டுவலி மாத்திரை எல்லாமே கணக்கில் சேரும்.

நிறுத்தும் விதம்

3 வாரத்துக்குக் குறைவாகக் கொடுத்ததை அநேகமாக ஒரே நாளில் நிறுத்திவிடலாம். கோவிட்டுக்குக் கொடுத்த 10 நாள் டெக்சாவுக்குப் பின்னால் ஒரு மாத பிரட்னிசோலோன் வால் தேவையில்லை. நோயாளி ஆக்சிஜன் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார் என்றால் 10 நாள் முடியாவிட்டாலும் அன்றே நிறுத்தலாம். செப்டிக் ஷாக்கில் நார்அட்ரினலின் நின்றதும் ஹைட்ரோகார்ட்டையும் நிறுத்துகிறேன். பிரஷர் மறுபடி விழுந்தால் மறுபடி தொடங்கலாம், வெட்கம் இல்லை. 3 வாரத்தைத் தாண்டியவற்றைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இறக்கும்போது களைப்பு, குமட்டல், நின்றால் தலைசுற்றல் என்று சொன்னால் "எல்லாருக்கும் இருக்கும்" என்று தள்ளாமல் காலைக் கார்ட்டிசால் பாருங்கள். 20 மி.கி.-க்கு மேல் 2 வாரத்துக்குக் குறையாமல் எடுத்தவருக்கு, நிறுத்தி ஒரு மாதமாவது ஆகும்வரை உயிருள்ள தடுப்பூசி எதுவும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பிரட்னிசோலோனுக்கு எதிரே எத்தனை மாத்திரை, எந்தத் தேதியில் எவ்வளவாகக் குறைய வேண்டும், கடைசி மாத்திரை எந்தத் தேதி என்பதை நோயாளி படிக்கக்கூடிய எழுத்தில் எழுதுங்கள். 3 வாரத்துக்கு மேல் எடுத்தவர் என்றால் அதற்குக் கீழே இன்னொரு வரி: அடுத்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனோ, கடும் காய்ச்சலோ, நிற்காத வாந்தியோ வந்தால் இந்தச் சீட்டை முதலில் காட்டவும்.